பெரிய எழுத்து யாருக்கு?

தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247. அவற்றுள் உயிர் உண்டு, மெய் உண்டு. குறில் உண்டு, நெடில் உண்டு. வல்லினம், மெல்லினம், இடையினம் உண்டு. ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடு மட்டும் கிடையாது. நாம் வந்து வாழும் இந்தக் கன்னட நாட்டின் எழுத்திலும் அது இல்லை. தெலுங்கிலும் மலையாளத்திலும் இந்தியிலும் இல்லை. ஆங்கில எழுத்துகள் 26 என்று பெயர்தானே தவிர, பள்ளியில் சேர்ந்த குழந்தை உண்மையில் 52 வடிவங்களைக் கற்க வேண்டியிருக்கிறது. வடிவத்தைக் கற்பது ஒரு வருட வேலை. எந்த வடிவத்தை எங்கே போடுவது என்பதோ பலருக்கு ஆயுள் முழுவதும் தீராத சந்தேகம்.

பெங்களூரில் பல ஆண்டுகள் ஆங்கில ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். ஆங்கில இலக்கணத்தில் தமிழ் வீட்டுப் பிள்ளை தடுமாறும் இடம் வேறு, கன்னட வீட்டுப் பிள்ளை தடுமாறும் இடம் வேறு. பெரிய எழுத்தில் மட்டும் இருவரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுவார்கள். முக்கியம் என்று மனத்துக்குத் தோன்றும் சொல்லையெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். 'ஸ்கூல்', 'டீச்சர்', 'எக்ஸாம்' எல்லாம் பெரிய எழுத்து. 'தமிழ்', 'மண்டே', 'மைசூர்' எல்லாம் சின்ன எழுத்து! பெரியவர்கள் எழுதும் விண்ணப்பங்களிலும் இதே கதைதான். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. அதைச் சொல்வதோடு, இந்தப் பெரிய எழுத்து நம் குடும்பங்களுக்கு உண்மையிலேயே தொல்லை தரும் ஓர் இடத்தையும் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு வடிவம் வந்த கதை

பழைய ரோமானியர்கள் கல்லில் செதுக்கியபோது பெரிய எழுத்துகளை மட்டுமே செதுக்கினார்கள். ரோம் நகரில் கி.பி. 113-இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் கல்வெட்டு இதற்குப் பேர்போன உதாரணம். கல்லை விட்டுத் தோலில் இறகுப் பேனாவால் வேகமாக எழுதத் தொடங்கியபோது எழுத்து வளைந்தது, சிறுத்தது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சார்லமேன் என்ற பேரரசரின் ஆட்சியில், தெளிவான ஒரு கையெழுத்து முறை ஐரோப்பாவில் பரவியது. இன்றைய சின்ன எழுத்துகளுக்கு அதுவே மூலம். பழைய கல்வெட்டு வடிவம் ஒழிந்துபோகவில்லை. வாக்கியத்தின் தொடக்கம், பெயர் போன்ற சிறப்பான இடங்களுக்கு ஒதுக்கப்பட்டது.

பின்னர் அச்சு வந்தது. கையால் அச்சுக் கோத்த காலத்தில் ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்த மரப் பெட்டிகளில் போட்டு வைப்பார்கள். பெரிய எழுத்துகள் மேல் பெட்டியில், அடிக்கடி தேவைப்படும் சின்ன எழுத்துகள் கைக்கு எட்டும் கீழ்ப் பெட்டியில். அதனால்தான் 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்ற பெயர்கள் வந்தன. கம்ப்யூட்டர் வந்த பின்பும் அந்தப் பெட்டிகளின் பெயர் போகவில்லை.

இந்த விதிகள் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஜெர்மன் மொழியில் எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். மேசைக்கும் நாற்காலிக்கும்கூட அந்த மரியாதை உண்டு. பிரெஞ்சு மொழியிலோ கிழமைகளும் மாதங்களும் மொழிகளின் பெயர்களும் சின்ன எழுத்து. ஆங்கிலமும் முன்பு இப்படி இருக்கவில்லை. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூலப்படியைப் பார்த்தால் சாதாரணப் பெயர்ச்சொற்கள்கூடப் பெரிய எழுத்தில் தொடங்குவதைக் காணலாம். ஆகவே இது காலத்துக்குக் காலம் மாறிவந்த ஒரு வழக்கம். தெரியாமல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்துகொள்வதில் கஷ்டமும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி

வாக்கியத்தின் முதல் எழுத்து பெரிது. 'நான்' என்று பொருள்படும் 'ஐ' எப்போதும் பெரிது. இவ்விரண்டும் எல்லோருக்கும் தெரியும். மற்ற இடங்களில் பிள்ளையை ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "இது ஒன்றுக்கு மட்டும் வைத்த பெயரா, அல்லது அந்த வகை முழுவதற்கும் பொதுவான பெயரா?" ஒன்றுக்கு மட்டும் வைத்த பெயரானால் பெரிய எழுத்து. பொதுவானால் சின்ன எழுத்து.

இங்கே நன்னூல் வழியில் இலக்கணம் படித்தவர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். மரம் என்பது பொதுப்பெயர், மா, பலா என்பவை சிறப்புப்பெயர் என்று நாம் படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் மாமரமும் சின்ன எழுத்துதான். ஏனென்றால் மாமரங்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒரே ஒரு மரத்துக்கு ஊரார் பெயர் சூட்டியிருந்தால் அந்தப் பெயருக்கு மட்டுமே பெரிய எழுத்து.

நம் ஊர் உதாரணங்களையே பார்ப்போம். 'லேக்' என்று பொதுவாக எழுதினால் சின்ன எழுத்து. நம் சங்கத்துக்கு அருகிலுள்ள 'அல்சூர் லேக்' என்றால் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. 'ரோடு' சின்னது, 'எம்.ஜி. ரோடு' பெரியது. 'சவுத்' என்ற திசை சின்னது; 'சவுத் இந்தியா' என்ற நிலப்பகுதி பெரியது. 'சம்மர்' என்ற பருவம் சின்னது. அந்தப் பருவத்தில் வரும் 'ஏப்ரல்', 'மே' மாதங்கள் பெரியவை. தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்ற மொழிப் பெயர்கள் எங்கே வந்தாலும் பெரிய எழுத்து; அவற்றோடு சேர்த்து எழுதும் கணக்கும் அறிவியலும் சாதாரண வாக்கியத்தில் சின்ன எழுத்து. பிள்ளைகள் இதைச் சரியாகத் தலைகீழாக எழுதுவார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் பொங்கல். தை முதல் நாள் கொண்டாடும் பொங்கலுக்குப் பெரிய எழுத்து. காலையில் தட்டில் வடையோடு வரும் பொங்கலுக்குச் சின்ன எழுத்து. இட்லி, தோசை, சாம்பார் எல்லாம் சின்ன எழுத்துதான், எவ்வளவு ருசியாக இருந்தாலும். மைசூர் பாக்கில் மைசூருக்கு மட்டும் பெரிய எழுத்து போதும்; பாக்கு சின்னதாகவே இருக்கலாம்.

உறவுப் பெயர்களில்தான் பிள்ளைகள் மிகவும் குழம்புவார்கள். 'மை மதர்' என்று எழுதினால் 'மதர்' சின்ன எழுத்து, ஏனென்றால் அது உறவைச் சொல்கிறது. அம்மாவைக் கூப்பிடும் பெயராகவே அந்தச் சொல்லை எழுதினால் பெரிய எழுத்து. நம் வீட்டுச் சொற்களுக்கும் இதே கணக்குதான். "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று ஆங்கிலத்தில் எழுதும்போது 'அம்மா' பெரிய எழுத்தில் தொடங்கும், அங்கே அது அவள் பெயரைப் போல நிற்கிறது. 'மை அம்மா' என்றால் சின்ன எழுத்து. தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா எல்லோருக்கும் இந்த விதி பொருந்தும்.

மரியாதை வேறு, பெரிய எழுத்து வேறு

நம்மவர்கள் செய்யும் இன்னொரு காரியம், பெரிய எழுத்தை மரியாதைக்காகப் போடுவது. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் 'யூ', 'யுவர்' என்ற சொற்களை வாக்கியத்தின் நடுவிலும் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். 'நீ' என்று எழுதக் கை கூசுவதால் 'நீங்கள்' என்று எழுதும் மனம் அது. ஜெர்மன் மொழியில் மரியாதைப் பன்மைக்கு இப்படிப் பெரிய எழுத்து உண்டு. ஆங்கிலத்தில் கிடையாது. அங்கே மரியாதையைச் சொல்லாலும் தொனியாலும்தான் காட்ட வேண்டும்.

"அப்படியானால் 'நான்' என்பதற்கு மட்டும் பெரிய எழுத்தா? என்ன ஆணவம்!" என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். ஆணவம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் இரண்டு எழுத்தாக இருந்து பின்னர் ஒற்றை எழுத்தாகத் தேய்ந்தது. கையெழுத்துப் படிகளில் அந்த ஒற்றைச் சின்ன எழுத்து கண்ணில் படாமல் போய்விடும், அல்லது பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் உயரமாக எழுதத் தொடங்கினார்கள் என்று மொழி நூலார் காரணம் சொல்கிறார்கள்.

விடுப்புக் கடிதத்தின் முடிவையும் கவனியுங்கள். 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்பதில் முதல் சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து. முழுக் கடிதத்தையும் பெரிய எழுத்துகளில் அடித்து அனுப்புவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. வாட்ஸ்அப் செய்தியில் அப்படி எழுதினால் இளைஞர்கள் அதைச் சத்தம் போடுவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மகனுக்கோ மருமகளுக்கோ செய்தி அனுப்பும் பெரியவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

எழுத்துகளால் ஆன ஊர்

பெங்களூரைப் போலப் பெரிய எழுத்துகளாலேயே பேசும் ஊர் குறைவு. 1940-இல் தொடங்கிய ஹெச்.ஏ.எல்., 1948-இல் ஐ.டி.ஐ., 1953-இல் ஹெச்.எம்.டி., 1954-இல் பி.இ.எல்., 1964-இல் பி.இ.எம்.எல். என்று பொதுத்துறைத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. அவற்றில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். "மாப்பிள்ளை எங்கே வேலை?" என்றால் மூன்று எழுத்தில் பதில் முடிந்துவிடும். கோலார் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது, கே.ஜி.எஃப். என்ற மூன்று எழுத்து மட்டும் ஊர்ப் பெயராக நிற்கிறது. இத்தகைய சுருக்கங்களில் எல்லா எழுத்தும் பெரியவை. விரித்து எழுதும்போது ஒவ்வொரு முக்கியச் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரியது. நடுவில் வரும் 'ஆஃப்', 'அண்ட்' போன்றவை சின்ன எழுத்திலேயே இருக்கும்.

இதே சுருக்கும் பழக்கம் நம் பெயரிலும் இருக்கிறது. தொல்லை தொடங்கும் இடமும் அதுதான்.

ஓர் எழுத்துக்குள் ஓர் ஊரும் ஒரு தந்தையும்

சங்கப் புலவர்களில் ஒருவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், தந்தை, தன் பெயர் என்ற வரிசையைப் பாருங்கள். முன்னால் உள்ள இரண்டையும் ஒவ்வோர் எழுத்தாகச் சுருக்கினால் இன்றைய இனிஷியல் வந்துவிடும். நம் கன்னட நண்பர்களிடமும் இதே முறை உண்டு. முன்னாள் பிரதமர் ஹெச்.டி. தேவகௌடாவின் முதல் எழுத்து ஹரதனஹள்ளி என்ற ஊர், இரண்டாவது தொட்டேகௌடா என்ற தந்தை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை. 'எஸ்' அவருடைய தாயார் வீணைக் கலைஞர் சண்முகவடிவு. மைசூரில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர்.கே. நாராயணுக்கு 'ஆர்' என்பது ராசிபுரம், 'கே' என்பது தந்தை கிருஷ்ணசாமி. நாராயணசாமி என்ற அவருடைய பெயரை நாராயண் என்று சுருக்கச் சொன்னவர் ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீன்.

தமிழில் இனிஷியல் ஓர் அசையைத் தாங்கி நிற்கும். 'சு' என்றால் சுப்பிரமணியமோ சுந்தரமோ என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆங்கிலத்தில் 'எஸ்' என்று ஆனவுடன் சுந்தரமும் சண்முகமும் சிவனும் ஸ்ரீனிவாசனும் ஒரே எழுத்தாகிவிடுகிறார்கள். வ.உ.சி. ஆங்கிலத்தில் வி.ஓ.சி. ஆனதும் தந்தை உலகநாதன் பெயரை அங்கே 'ஓ' எழுத்தில் தொடங்கி எழுதியதால்தான். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது நல்ல காரியம். ஆனால் பெங்களூரில் நம் பிள்ளைகளின் சான்றிதழ்களில் தமிழுக்கு இடமில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துதான் அவர்கள் பெயரைச் சுமக்கிறது.

ஆதாரம் கேட்பவர்கள் அந்த ஒற்றை எழுத்தை ஏற்பதில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் பான் அட்டை விண்ணப்பத்திலும் இனிஷியல் கூடாது, விரித்து எழுத வேண்டும் என்பது விதி. மேலும் 'சர்நேம்' எது, 'கிவன் நேம்' எது என்று பிரிக்கச் சொல்வார்கள். சர்நேம் என்ற குடும்பப் பெயர் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. ஒருவர் தந்தை பெயரை அங்கே எழுதுவார். ஒருவர் தன் பெயரையே எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விடுவார். உங்கள் பான் அட்டையை எடுத்து அந்தப் பத்து இலக்கத்தில் ஐந்தாவதைப் பாருங்கள். அது உங்கள் சர்நேமின் முதல் எழுத்து. அங்கே இருப்பது உங்கள் எழுத்தா, உங்கள் அப்பாவின் எழுத்தா என்று பார்த்தால், அன்று விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள் என்பது தெரிந்துவிடும்.

இதனால் வரும் சிக்கல் சிறியதல்ல. எங்கள் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. பட்டச் சான்றிதழில் அந்த எழுத்தே பெயருக்கு முன்னால். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாகச் சர்நேம். மூன்றும் ஒருவர்தானா என்று கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. நோட்டரியிடம் அஃபிடவிட், பழைய பள்ளிக்கு நடை, கல்லூரிக்கு நடை என்று அலைந்து, பணம் கட்டும் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்புதான் காரியம் முடிந்தது. அவளுடைய அப்பா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவே இல்லை.

பாஸ்போர்ட்டில் கிவன் நேம் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று பெரிய எழுத்துகளை அச்சிட்டுவிடுவார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அங்கே போன பிறகு வங்கியிலும் கல்லூரியிலும் அதுவே பெயராகிவிட்ட நம் பிள்ளைகள் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பிறகு, தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று விளக்கம் தந்தது.

பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. திருமணம் வரை அப்பாவின் எழுத்து, அதன்பின் கணவரின் எழுத்து என்று மாற்றும் வழக்கத்தால், படிப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். திருமணமானால் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. படித்த பெண் தன் சான்றிதழில் உள்ள பெயரையே கடைசிவரை வைத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, பிள்ளையின் முழுப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டு அச்சாவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும். பின்னால் வரும் ஆவணங்கள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை.

இரண்டாவது, இனிஷியலை விரித்துவிடுங்கள். விரிப்பது அப்பா பெயரா, அம்மா பெயரா, ஊர்ப் பெயரா என்பது உங்கள் குடும்பத்தின் விருப்பம். ஆனால் ஒருமுறை எடுத்த முடிவை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே வரிசையில் எழுதுங்கள்.

மூன்றாவது, ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே மாற்ற முடியும். அவசரப்பட்டு ஒன்றை வீணாக்க வேண்டாம். ஆதாரும் பான் அட்டையும் பெயரில் வேறுபட்டால் இரண்டையும் இணைக்கும்போது தடை வரும்.

நான்காவது, விண்ணப்பப் படிவத்தில் 'பிளாக் லெட்டர்ஸ்' என்று இருந்தால் எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதுங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. பாஸ்வேர்டில் மட்டும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இரு வேறு எழுத்துகள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தின் முதன்மையான வேலை, "இது ஒரு பெயர்" என்று சுட்டுவது. அந்த வேலையைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மற்ற விதிகள் தாமாகவே வந்துவிடும். நம் பெற்றோர் ஒரே எழுத்தில் ஊரையும் தந்தையையும் அடக்கிவைத்தார்கள். அந்த ஊரில் அதை விரித்துச் சொல்ல ஆளிருந்தது. இங்கே விரித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். வாசகர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள மார்க்ஸ் கார்டு, ஆதார், பான், பாஸ்போர்ட் நான்கையும் மேசையில் பரப்பி, நான்கிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.